படத்தில் தெரிந்த பழுது

1990களின் நடுவில், கேபிள் டிவி புதிதாக வந்த தெருக்களில், பழுதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை. டிவி திரையே போதும். "அண்ணே, படம் புள்ளி புள்ளியா வருது" என்று புகார் வந்தால் சிக்னல் வலு குறைந்துவிட்டது என்று கேபிள்காரருக்குப் புரிந்துவிடும். மொட்டைமாடியில் ஜாயிண்ட் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் நடுவில் யாரோ ஒரு ஸ்ப்ளிட்டரைச் செருகி இரண்டாவது டிவிக்கு லைன் எடுத்திருப்பார்கள். கதாநாயகனுக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டே நடந்தால், சிக்னல் எங்கோ முட்டித் திரும்புகிறது: மூடாமல் விட்ட கேபிள் முனையையோ நசுங்கிய இடத்தையோ தேட வேண்டும். திரையின் குறுக்கே தடித்த பட்டை ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தால், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரின் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். சாய்ந்த கோடுகள் மீன்முள் போல ஓடினால், வெளியிலிருக்கும் ஏதோ ரேடியோ அலை உள்ளே புகுந்திருக்கிறது.

இணையம் வந்ததும் இந்தப் படம் போயிற்று. கம்பி அதேதான், கழன்ற ஜாயிண்டும் அதேதான். வீட்டுக்காரர் சொல்ல முடிந்தது மட்டும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது: "நெட் ஸ்லோ." கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த பழுதை மறுபடி எப்படிப் பார்ப்பது என்ற பாடுதான், கேபிள் இணையத்தைப் பழுது பார்க்கும் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதி.

கம்பியின் பூர்வீகம் அமெரிக்காவின் மலையோர ஊர்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் மஹனாய் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே மின்சாதனக் கடை வைத்திருந்த ஜான் வால்சனுக்கு டிவி விற்கவில்லை. பிலடெல்ஃபியா நிலையங்களின் அலையை மலை மறைத்தது. மலை உச்சியில் ஆண்டெனா நட்டு, ராணுவம் கழித்துப்போட்ட கம்பியை ஊருக்குள் இழுத்து, 1948இலேயே வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்ததாக அவர் சொன்னார். ஆவணங்கள் தீயில் போய்விட்டதால் அதை நிரூபிக்க முடியவில்லை. அதே 1948 நவம்பரில் ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ், ஒரு ஓட்டல் மாடியில் ஆண்டெனா வைத்து சியாட்டில் நிலையத்தைப் பிடித்தார். 1950இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் இதை முறையான கம்பெனியாகவே நடத்தினார். அவருக்குச் சாதனம் கொடுத்தது மில்டன் ஷாப்பின் ஜெரால்ட் எலக்ட்ரானிக்ஸ். இந்த ஷாப் பின்னாளில் பென்சில்வேனியாவின் ஆளுநராகவே தேர்வானார். கேபிளுக்கும் அரசியலுக்கும் உள்ள நெருக்கம் தமிழ்நாட்டில் மட்டும் கண்ட அதிசயம் இல்லை.

ஆரம்பத்தில் இழுத்த தட்டையான இரட்டைக் கம்பி மழையில் நனைந்தால் குணம் மாறிவிடும். அதனால் எல்லோரும் கோஆக்ஸியல் கேபிளுக்கு மாறினார்கள். பெல் ஆய்வுக்கூடத்து எஸ்பன்ஷீட், அஃபெல் என்ற இருவர் தொலைபேசித் தடங்களுக்காக 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் வெள்ளையாக மின்கடத்தாப் பொருள், அதைச் சுற்றி உலோகப் பின்னல், மேலே கறுப்பு உறை. வெளியிலிருக்கும் அலை உள்ளே வராமலும் உள்ளிருக்கும் அலை வெளியே போகாமலும் காப்பது அந்தப் பின்னல்தான். அது முழுதாக இருக்கும்வரை கம்பிக்குள் தனி வானம். ஓரிடத்தில் அறுந்தாலும் ஊர் வானம் உள்ளே வந்துவிடும்.

அது அறுகிற இடம் பெரும்பாலும் முனைதான். 1950களின் தொடக்கத்தில் ஜெரால்ட் நிறுவனத்துக்காக எரிக் வின்ஸ்டன் வடிவமைத்த எஃப் கனெக்டர் இன்றும் செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கிறது. அதன் சாமர்த்தியம் அதன் மலிவு. தனியாக ஊசி கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். உறையைச் சீவி, பின்னலை மடித்து, கனெக்டரை ஏற்றி, கிரிம்பிங் கருவியால் நெருக்கினால் வேலை முடிந்தது. மடிக்கும்போது பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் லைன் ஷார்ட். மரையை விரலால் மட்டும் முறுக்கிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் தளரும். தளர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கினால் செம்பு பச்சை பூக்கும். நம்மூர் மாடிகளில் இந்த கனெக்டர்கூட இல்லாமல், பின்னலையும் நடுக்கம்பியையும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்டுகள் எத்தனையோ உண்டு. டிவிக்கு அது போதுமானதாக இருந்தது. படம் கொஞ்சம் மங்கினால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

கசிவு பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் விமானத் துறையினர். கேபிளுக்குள் ஓடும் அலைவரிசைகளில் சில, விமானிகள் கட்டுப்பாட்டு அறையுடன் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையிலேயே விழுகின்றன. கம்பியில் ஓட்டை இருந்தால் டிவி சேனல் வானத்தில் கேட்கும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கு வரம்பு வைத்தது: கம்பியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்தால் மீட்டருக்கு 20 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1990 முதல் ஊர் முழுவதற்குமான கசிவுக் கணக்கையும் கம்பெனிகள் காட்ட வேண்டியதாயிற்று. வண்டியில் ரிசீவரை வைத்துத் தெருத் தெருவாக ஓட்டிக் கசிவைத் தேடுவது அங்கே ஒரு தனி வேலையாகவே ஆனது. பின்னால் இணையம் வந்தபோது இந்தப் பயிற்சி கைகொடுத்தது. சிக்னல் வெளியேறும் ஓட்டை வழியாகத்தான் இரைச்சலும் உள்ளே நுழையும்.

அதுவரை எல்லாமே ஒருவழிப் பாதை. கேபிள் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமிலிருந்து வீட்டுக்கு. வீட்டிலிருந்து திரும்பிப் பேசும் வழியை வணிக அளவில் துணிந்து முயன்றது வார்னர் நிறுவனம். 1977 டிசம்பர் 1 அன்று ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'க்யூப்' என்ற சேவையைத் தொடங்கியது. ரிமோட் பெட்டியில் பொத்தானை அழுத்தி நேயர்கள் கருத்து சொல்லலாம், காசு கட்டிப் படம் பார்க்கலாம். கணினி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் ஆறு விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கும். திரும்பும் வழியைத் திறந்ததும் நகரத்து வீடுகளின் மின் இரைச்சல் மொத்தமும் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து சேர்ந்தது. ஐநூறு வீட்டுச் சாக்கடையும் கடைசியில் ஒரே வாய்க்காலில் சேருமே, அந்த மாதிரி. கீழே போகும் சிக்னலில் ஒரு வீட்டின் ஓட்டை அந்த வீட்டை மட்டும் பாதிக்கும். மேலே வரும் சிக்னலில் ஒரு வீட்டின் ஓட்டை தெரு முழுவதையும் கெடுக்கும். க்யூப் பொறியாளர்கள் கிளைகளில் சுவிட்ச் வைத்து, தேவைப்பட்ட கிளையை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடித்தான் சமாளித்தார்கள். கேபிள் இணையத்தின் முக்கியமான வியாதியை, கேபிள் மோடம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மோடம் 1990களில் வந்தது. ஈரானில் பிறந்த ரூஸ்பே யாசினி, மாசசூசெட்ஸில் லான்சிட்டி என்ற சிறு நிறுவனத்தை நடத்திக் கேபிளில் கணினிகளைப் பேசவைத்தார். ஆளுக்கொரு முறையில் மோடம் செய்துகொண்டிருந்த நிலையை மாற்றி, 1997 மார்ச்சில் டாக்சிஸ் என்ற பொது விதிமுறை வெளியானது. எந்தக் கம்பெனியின் மோடமும் எந்தக் கேபிளிலும் வேலை செய்யும் என்ற நிலை அதிலிருந்துதான். அமெரிக்க வகையில், வீட்டிலிருந்து மேலே போகும் தகவலுக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம் ஒதுக்கப்பட்டது. டிவி சேனல்களுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடம் அது. காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இருந்தது. சிற்றலை வானொலி, லாரி ஓட்டுநர்களின் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ, மிக்ஸி மோட்டார் முதல் ஹேர் டிரையர் வரை வீட்டுச் சாதனங்கள் கிளப்பும் தீப்பொறி இரைச்சல் எல்லாம் குடியிருக்கும் பட்டை அதுதான். கேபிள் இணையத்தில் டவுன்லோடு நன்றாக இருந்து அப்லோடு மட்டும் திணறுவதை இன்றும் பார்க்கலாம். மீதி இடத்தை அப்லோடுக்குக் கொடுத்ததன் விளைவு அது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அமெரிக்கத் தொழில்நுட்பர்களிடையே வாய்மொழியாக ஒரு கணக்கு புழங்குகிறது. 70 சதவீதம் வீட்டுக்குள்ளிருந்து, 25 சதவீதம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியிலிருந்து, மீதி 5 சதவீதம் மட்டும் தெருவின் பெரிய கேபிளிலிருந்து. ஆய்வறிக்கைத் துல்லியத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் பழுது பார்க்கப் போகிறவர் முதலில் ஏன் டிவிக்குப் பின்னால் குனிகிறார் என்பதற்கு இது விளக்கம். சுவரில் பயன்படுத்தாமல் விட்ட கேபிள் முனை ஒரு ஆண்டெனா. இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைப் பாதிக்கும் கீழே இறக்கும். மூன்று அறைக்கு மூன்று ஸ்ப்ளிட்டர் போட்ட வீட்டில், கடைசி முனையில் மோடத்தை மாட்டிவிட்டு மோடத்தைத் திட்டிப் பயனில்லை.

படம் இல்லாத மோடத்தில் பார்ப்பதற்கு இருந்தவை விளக்குகள். பழைய மோடத்தை ஆன் செய்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிலைக்கும்: கீழே வரும் சிக்னல் பிடிபட்டது, மேலே அனுப்பியது கேட்கப்பட்டது, கடைசியாக ஆன்லைன். எந்த விளக்கு சிமிட்டிக்கொண்டே நிற்கிறதோ அந்தப் படியில்தான் கோளாறு. இரண்டாவது விளக்கில் மாட்டிக்கொண்ட மோடம்தான் பரிதாபமானது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு 200 மில்லிவிநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் கொஞ்சம் வலுவைக் கூட்டி மறுபடி அனுப்பும். பதினாறு முறை பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். வீட்டுக்காரருக்கு இது 'அடிக்கடி கட் ஆவது'.

192.168.100.1 என்று பிரவுசரில் தட்டினால் பெரும்பாலான கேபிள் மோடம்கள் இந்தக் கதையை எண்களாகக் காட்டும். வரும் சிக்னல் விதிமுறைப்படி, சிக்னல் வலுவின் அலகான டிபிஎம்வியில், மைனஸ் 15க்கும் பிளஸ் 15க்கும் நடுவில் இருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. போகும் சிக்னல் ஐம்பதைத் தாண்டி நின்றால், மோடம் தன் குரலுக்கு எட்டாத தூரத்துக்குக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். வழியில் எங்கோ சிக்னல் வீணாகிறது.

மாலையானால் வேகம் குறைவது வேறு விஷயம். அதில் கம்பியின் குற்றம் எதுவும் இல்லை. ஆரம்ப காலத்தில், ஒரு நோடின் (தெருக்களுக்குக் கம்பி பிரியும் மையத்தின்) கீழுள்ள நூற்றுக்கணக்கான வீடுகளும் ஒரே சேனலைப் பங்கிட்டுக்கொண்டன; டாக்சிஸின் தொடக்க வகையில் ஒரு சேனலின் மொத்தக் கொள்ளளவே 27 முதல் 38 மெகாபிட். 1990களின் கடைசியில் கலிபோர்னியாவின் பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனம், கேபிள் இணையத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவதாக விளம்பரமே எடுத்து ஒளிபரப்பியது.

இரைச்சலைத் துரத்திப் பிடித்த கதைகளில் எல்லோரும் ரசித்தது வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் நடந்தது. அங்கே இருந்தது கோஆக்ஸ் அல்ல, தொலைபேசிச் செம்புக் கம்பி; ஆனாலும் வியாதி ஒன்றுதான். ஒன்றரை ஆண்டாக தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையம் படுத்துவிடும். கம்பியை மாற்றிப் பார்த்தார்கள், தீரவில்லை. 2020இல், அங்கே தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓபன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள், அலைகளைத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கையில் பிடித்து, கொட்டும் மழையில் விடியற்காலை ஆறு மணியிலிருந்து ஊருக்குள் நடந்தார்கள். ஏழு மணிக்குத் திரையில் இரைச்சல் எழும்பியது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் தினமும் ஏழு மணிக்குத் தன் பழைய டிவியை ஆன் செய்துகொண்டிருந்தார். விஷயம் தெரிந்து அவர் கூனிக்குறுகிப்போய், இனி அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இங்கே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது நேரம். எத்தனை மணிக்குக் கெடுகிறது, மழையிலா வெயிலிலா, யார் வீட்டில் என்ன ஓடும்போது என்ற கேள்விகளுக்கு இணையாக ஒரு கருவியும் இல்லை.

பெரிய கேபிள் நிறுவனங்கள் இதை ஆட்களை அனுப்பாமலே செய்யக் கற்றுக்கொண்டன. வீட்டு மோடத்துக்குள்ளேயே அலைவரிசை முழுவதையும் படம் பிடிக்கும் வசதி 2010களில் சில்லுகளில் சேர்ந்தது. ஒரு தெருவின் மோடம்கள் சிக்னலின் எதிரொலியை எவ்வளவு திருத்திக்கொள்கின்றன என்று ஒப்பிட்டால், முட்டித் திரும்பும் இடம் சுமார் எத்தனை அடியில் இருக்கிறது என்று கணக்கிடலாம். பழைய டிவியில் நிழலாகத் தெரிந்தது எதுவோ அதேதான் இந்த எதிரொலியும்.

தமிழ்நாட்டுக் கதை வேறு வழியில் போனது. 1991 வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகள் டிஷ் ஆண்டெனாவின் மேல் ஆசையைக் கிளப்பிவிட்டன. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியபின் தெருவுக்கொரு கன்ட்ரோல் ரூம் முளைத்தது. கேபிள் டிவிக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் ஆபரேட்டர்கள் பதிவு செய்யப் போன இடம் தலைமைத் தபால் நிலையம். இப்படி மொட்டைமாடி வழியாக வளர்ந்த வலை, ஒருவழிப் பூஸ்டர்களால் ஆனது. அதில் மேலே வர வழியே கிடையாது. இருவழி ஆக்க வேண்டுமானால் ஒவ்வொரு பூஸ்டரையும் மாற்றி, ஒவ்வொரு முறுக்கிய ஜாயிண்டையும் பிரித்து, வீடு வீடாக கனெக்டர் போட வேண்டும். மாதச் சந்தாவை வசூலிக்கவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிறு ஆபரேட்டரால் இது ஆகிற காரியமில்லை. ஹாத்வே போன்ற சில நிறுவனங்கள் நகரங்களில் கேபிள் மோடம் கொடுத்தன. தமிழ்நாட்டின் பெருவாரியான தெருக்களில் அது நடக்கவே இல்லை.

வந்தது கேபிள்காரரின் இணையம். கேபிளின் இணையம் அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி போன்ற நிறுவனங்கள் ஆபரேட்டரின் இடம்வரை இணையத்தைக் கொண்டுவந்து கொடுக்க, அங்கிருந்து வீடுகளுக்கு அவர் நீல நிற லேன் கேபிளை இழுத்தார். அலுவலக அறைக்குள் ஓட வேண்டிய கேபிள், வெயிலிலும் மழையிலும் மாடிக்கு மாடி தாவியது. அரசின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் கிடைத்தாலே அன்று அது பிராட்பேண்ட். இந்த ஏற்பாட்டின் பழுதுகளும் தனி ரகம். லேன் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் தாங்காது. ஆகவே நாலைந்து வீட்டுக்கு ஒரு சுவிட்ச், யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படியில், ஒரு தகரப் பெட்டிக்குள். அதற்குக் கரண்ட் அந்த வீட்டிலிருந்து. அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால் பின்னாலிருக்கும் பத்து வீட்டுக்கும் நெட் போச்சு. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நடந்த காலத்தில், தன் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு, "முன்னாடி பாக்ஸுக்கு கரண்ட் இல்ல சார்" என்பதுதான் பதில். ஐப்பசி இடி ஒன்று விழுந்தால் மாடி கேபிள் வழியே இறங்கி சுவிட்சையும் கணினியின் லேன் போர்ட்டையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

இதற்கிடையே டிவியும் தன் படத்தை மறைத்துக்கொண்டது. 2003 செப்டம்பர் 1 அன்று கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் டிஜிட்டலாக மாறுவதற்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31. டிஜிட்டலில் புள்ளியும் இல்லை, நிழலும் இல்லை. படம் சுத்தமாக வரும், சிக்னல் எல்லைக்கோட்டைத் தொட்டதும் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நிற்கும். படத்தைப் பார்த்தே பழுதைச் சொன்ன லைன்மேன்களின் கண், டிவிக்கும் உதவாமல் போனது.

இன்று அதே மாடி வழியில் ஓடுவது ஃபைபர். ஒரு நூலளவு கண்ணாடி இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. வழியில் கரண்ட் தேவையில்லை, இடி இறங்காது, துரு ஏறாது. செம்பின் பழைய வியாதிகளில் பாதி ஒரேயடியாக ஒழிந்தன. மீதி வேறு பெயரில் இருக்கின்றன. ஜன்னல் கதவில் நசுங்கிய இடத்திலும், சுவர் மூலையில் செங்குத்தாக மடக்கி ஆணி அடித்த இடத்திலும் ஒளி கசிகிறது. கையில் அடங்கும் பவர் மீட்டரில் மைனஸ் 20 டிபிஎம் காட்டினால் நல்ல லைன். மைனஸ் 27ஐ ஒட்டிப் போனால் மழைநாளில் புகார் வரும். வெல்டிங் மாதிரி ஒட்டுப்போடும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வந்தாக வேண்டும். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பயனில்லை.

இழையை அறுத்தது லாரியாக இருக்கலாம், ரோடு தோண்டிய ஜேசிபியாக இருக்கலாம், அணிலாகவும் இருக்கலாம். 2021இல் மின்தடைக்கு அணில்களும் ஒரு காரணம் என்று தமிழ்நாட்டின் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது ஊரே சிரித்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே, லெவல் 3 என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் அந்த ஆண்டில் தன் கேபிள்களுக்கு நேர்ந்த சேதங்களில் 17 சதவீதம் அணில்களின் வேலை என்று கணக்கே சொல்லியிருந்தது.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது, கம்பத்திலும் மரத்திலும் தொங்கிய கேபிள்கள் கூட்டமாகத் தரைக்கு வந்தன. மறுபடி கட்டியவர்களுக்குச் சிக்னலை அளப்பதற்கு முன்பே ஒரு சிக்கல் காத்திருந்தது: எந்தக் கம்பி யாருடையது? ஒரே கம்பத்தில் பத்துப் பன்னிரண்டு ஆபரேட்டர்களின் லைன்கள், எல்லாம் கறுப்பு, எதிலும் பெயர் இல்லை. பழுது பார்க்கப் போகும் இருவரில் ஒருவர் இந்தக் கம்பத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்து இழுப்பார். மற்றவர் அடுத்த கம்பத்தடியில் நின்று எது ஆடுகிறது என்று பார்ப்பார். கொஞ்சம் முன்யோசனை உள்ள ஆபரேட்டர்கள் தங்கள் லைனில் கம்பத்துக்குக் கம்பம் கலர் டேப் சுற்றிவைக்கிறார்கள்.